ஜன்னலைச் சாத்தாதே

மாரிகுப்பம்,
14 அக்டோபர் 2024

அன்புத் தம்பி ஷெர்வினுக்கு,

அக்கா டீனா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, பொய் சொன்னதாகிவிடும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகு வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

கோலார் ஜெயிலில் இடமில்லை என்று உன்னைப் பெல்லாரிக்கு மாற்றிய விஷயம் வக்கீல் நாகேஷ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கோலாரில் இருந்தாலாவது பஸ் ஏறி வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போவேன். பெல்லாரிக்கு வந்து போக ரெண்டு நாள் ஆகும், அம்மாவை யாரிடம் விடுவது? ஜெயில் போனில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பாதி நீ அழுகிறாய், மீதி நான் உன்னைத் திட்டுகிறேன். இனிமேல் கடிதம்தான். எழுதும்போதாவது இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசுகிறோமா பார்க்கலாம்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பேச்சுதான் அறுந்து அறுந்து வருகிறது. மூச்சு கிடைக்காமல் மூளைக்கு அடிபட்டிருக்கிறது, இனி இவ்வளவுதான் என்கிறார் டாக்டர். அப்பா போனது அவளுக்குத் தெரியும். அப்பாவின் பெட்டியைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்திருந்த பியாட்ரிஸ் சித்தியும் பக்கத்து வீட்டு மங்கம்மாவும் அன்றைக்கே போனது தெரியாது. நீ ஜெயிலில் இருப்பதும் தெரியாது. சாயங்காலம் ரயில் சத்தம் கேட்டதும், "ஷெர்வின் வந்துட்டானா?" என்று வாசலைப் பார்க்கிறாள். இன்னும் டூட்டி முடியலை என்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். நான் குவைத்திலிருந்து வந்து சேரும்வரைக்கும் அப்பா முகம் கெடக்கூடாது என்று நீ வேலை செய்த கம்பெனியிலிருந்து டிரை ஐஸ் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாய். வாடகைக்கு எடுத்த ஃப்ரீஸர் பெட்டி வந்தும் கரண்ட் இல்லை. அதுவரை புரிகிறது. வருஷக்கணக்காக அந்த ஐஸோடு புழங்கியவன், பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிற ரூமின் ஜன்னலை ஏன்டா சாத்தினாய்? போலீசில், "நான்தான் சாத்தினேன்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயாம். நான் வந்து இறங்கியபோது ஒரு பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் மூணு பெட்டி இருந்தது.

அம்மா கண்ணை மூடுவதற்குள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காகத்தான் குவைத் நர்ஸ் வேலையை உதறிவிட்டு வந்து இந்தச் சுரங்க லைன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வக்கீல் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாயாமே. இன்னா நினைச்சுக்கினு இருக்கே?

பிரார்த்தனையோடு,
அக்கா டீனா


பெல்லாரி,
2 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். சாப்பாடு பரவாயில்லை. முதுகு வலி தரையில் படுத்ததில் சரியாகிவிட்டது. அம்மாவுக்கும் உனக்கும் தினமும் ஜெபிக்கிறேன்.

இங்கே ஊரைவிட வெயில் அதிகம். நம்மூர்க் குளிருக்குப் பழகின உடம்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. கூட இருப்பவர்கள் நான் என்ன செய்துவிட்டு வந்தேன் என்று கேட்டார்கள். ஐஸ் வைத்தேன் என்றேன். கேலி பண்ணுவதாக நினைத்து இரண்டு நாள் பேசவில்லை.

அம்மாவிடம் நான் டூட்டியில் இருப்பதாகவே சொல். ஓவர்டைம் என்று சொல். அவளுக்குப் புரைக்கேறும், தண்ணீரை ஸ்பூனில் கொடு. தலைமாட்டில் அப்பாவின் ஸ்வெட்டரை வை, அந்த வாசனை இருந்தால் தூங்குவாள்.

மங்கம்மா வீட்டுக்காரர் முனியப்பன் அண்ணன் எப்படி இருக்கிறார்? பார்த்தால் எனக்காக ஒன்றும் சொல்லாதே. எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுது.

தம்பி,
ஷெர்வின்


மாரிகுப்பம்,
20 நவம்பர் 2024

அன்புத் தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாம் எழுதியிருக்கிறாய், நான் கேட்டதைத் தவிர. நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்குச் சளி, மருந்து கொடுத்திருக்கிறேன்.

முனியப்பன் அண்ணன் நம் வாசலைக் கடக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போகிறார். நான் ஒருநாள், "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன். நடையைக்கூட நிறுத்தவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் காலை வேளைக்கு மட்டும் சேர்ந்திருக்கிறேன். அதுவரை நம் சர்ச் பியூலா அம்மாவுடன் இருக்கிறாள். சேர்ந்த முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாம் வாரம் பெங்களூரிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. சாம்பிள்களை அதில் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். மூடியைத் திறந்தேன். வெள்ளையாய்ப் புகை வழிந்து மேஜையிலிருந்து தரைக்கு இறங்கியது. மூடியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன் ஷெர்வின். இதுதானே, நம் வீட்டில் வைத்தது இதுதானே?

அந்தப் பெட்டியை ஜன்னலே இல்லாத ஸ்டோர் ரூமில் மேஜைக்கு அடியில் வைக்கிறார்கள். குளிர் போகக்கூடாது என்று மூடியைச் சுற்றிலும் டேப் போட்டு இறுக்கினான் அங்கே இருக்கிற பையன். கொஞ்ச நேரத்தில் மூடி வெடித்த மாதிரி எகிறி அலமாரியில் மோதியது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வருமா? வேலையை விட்டுவிடலாம் என்று வந்தேன். பிறகு, நான் விட்டால் அந்த ஸ்டோர் ரூமில் நாளைக்கு இன்னொருத்தி குனிவாள் என்று தோன்றியது. இது இன்னா சாமான், இதோடு எப்படிப் புழங்குவது, முழுசாக எழுது. நம் வீட்டில் மூணு உயிரைக் கெடுத்தது எது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

ஜன்னலுக்கும் பதில் எழுது.

அக்கா


பெல்லாரி,
9 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம், அம்மா சளி தேவலையா?

இங்கே கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். இதையும் படிப்பார்கள். படிக்கட்டும், அவர்களுக்கும் உபயோகமாக இருக்கும்.

பெயர்தான் ஐஸ், அதில் தண்ணீரே கிடையாது. நாம் வெளியே விடுகிற மூச்சில் இருக்கிறதே கரியமில வாயு, அதை அழுத்திக் கல்லாக்கியதுதான். சாதாரண ஐஸ் மாதிரி உருகி ஒழுகாது. கல்லாக இருந்தது நேராக வாயுவாகப் போய்விடும். கையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது, பெட்டி மட்டும் காலியாகிக்கொண்டே வரும். நீ பார்த்த வெள்ளைப் புகை அந்த வாயு இல்லை, குளிரில் காற்றின் ஈரம் அப்படித் தெரிகிறது. புகை நின்றுவிட்டால் ஆபத்து நின்றுவிட்டது என்று நினைக்காதே. நிஜமான வாயு கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இல்லை. ஒரு கிலோ கல் மூன்று பெரிய டிரம் நிறைய வாயுவாகும். அது காற்றைவிடக் கனம். தரையில்தான் தேங்கும். நின்றுகொண்டிருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, கீழே உட்கார்ந்திருப்பவளுக்கு மூச்சு முட்டும்.

பெட்டி மூச்சு விட வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றைக்கே எங்களுக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். தெர்மாகோல் பெட்டி நல்லது, மூடியைச் சும்மா பொருத்தி வை, டேப் போட்டால் ரெண்டு பக்கம் மட்டும் போடு, சந்து இருக்கட்டும். இறுக்கி மூடினால் உள்ளே வாயு நிறைந்து வெடிக்கும். ஃப்ளாஸ்க், மூடி திருகுகிற டப்பா, ஃப்ரிஜ் எதிலும் வைக்கக் கூடாது. வெறும் கையால் தொட்டால் நெருப்புச் சுட்ட மாதிரி தோல் வெந்துபோகும், தடித்த கையுறை போட்டுக்கொள். அனுப்பும்போது பெட்டி மேல் டிரை ஐஸ் என்றும் எத்தனை கிலோ என்றும் பெரிதாக எழுது, தூக்குகிறவனுக்கும் தெரிய வேண்டும். ஆட்டோவில் போனால் சரி, காரில் என்றால் கண்ணாடியை இறக்கச் சொல். மிஞ்சியதைத் தொட்டியில் கொட்டாதே, குழாய் விரிசல் விட்டுவிடும். ஆள் நடமாடாத வெட்டவெளியில் வைத்துவிடு, தானாகப் போய்விடும்.

அந்த ஸ்டோர் ரூமிலிருந்து பெட்டியை இன்றைக்கே எடுக்கச் சொல். கதவும் ஜன்னலும் இருக்கிற இடத்தில் மேஜை மேல் வை. தலை வலித்து மூச்சு வாங்கினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வா, குனிந்து எதையும் பொறுக்காதே. உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதே அக்கா. கதவையெல்லாம் திற, ஆளைக் கூப்பிடு. தூக்கப் போனவர்தான் அடுத்து விழுவார்.

கடைசியாக ஒன்று. கூட வேலை செய்கிறவர்களிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று மட்டும் சொல்லாதே. ஏன் என்று சொல். ஏன் என்று தெரியாதவர்கள் ஏதாவது காரணத்துக்குச் சாத்திவிடுவார்கள்.

அம்மாவுக்கு என் முத்தம்.

ஷெர்வின்


மாரிகுப்பம்,
27 டிசம்பர் 2024

அன்புத் தம்பி,

கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவைச் சக்கர நாற்காலியில் சர்ச்சுக்கு அழைத்துப் போனோம். பாட்டுக்கு மட்டும் வாய் அசைந்தது. சித்தி உட்காருகிற பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் கடிதத்தை லேபில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எழுதியது யார், எங்கிருந்து என்று சொல்லவில்லை. பெட்டி இப்போது வாசல் பக்கம் மேஜை மேல் இருக்கிறது, மூடிக்குச் சந்து இருக்கிறது. டேப் பையன் என்னைக் கண்டால் ஒதுங்குகிறான், அவ்வளவு திட்டிவிட்டேன்.

இங்கே வீட்டில் எனக்கு வேறு தலைவலி. அம்மா முன்ரூம் ஜன்னலைச் சாத்த விடுவதில்லை. உடம்பெல்லாம் நடுங்குகிற குளிர், வாடை நேராக அவள் கட்டில் மேல் அடிக்கிறது. சாத்தப் போனால், "தொற! தொற!" என்று அடித்தொண்டையில் கத்துகிறாள். இந்த அஞ்சு மாசத்தில் அவள் திருத்தமாகச் சொல்கிற ஒரே வார்த்தை அதுதான். நம்மம்மா எப்படி இருந்தவள் என்று உனக்குத் தெரியாதா? காற்றுக் காலம் வந்தால் தங்கச் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுத் தூசு ஒரு துளி உள்ளே வரக்கூடாது என்று சந்துக்கெல்லாம் கந்தல் துணி அடைத்தவள். நாம் திறந்தால் கரண்டியைத் தூக்குவாள். அவளுக்கு ஏன்டா இந்தப் பிடிவாதம்? உனக்கு ஏதாவது தெரியுமா?

நாகேஷ் ரெண்டாம் தடவை ஜாமீன் கேட்டும் தள்ளுபடி ஆகிவிட்டது. ஆபத்து தெரிந்த ஆள், தெரிந்தே சாத்தியிருக்கிறான் என்கிறார்களாம். தூண் மாதிரி நிற்கிறது உன் கையெழுத்து.

பதில் எழுது.

அக்கா


மாரிகுப்பம்,
11 மார்ச் 2025

ஷெர்வின்,

இரண்டு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து நாகேஷை விசாரிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் இருக்கிறாயாம். ஜன்னலைப் பற்றிக் கேட்டேன், உன் பேனா நின்றுபோச்சு. இப்போது ஏன் என்று தெரிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை முனியப்பன் அண்ணன் தானாக வாசலில் வந்து நின்றார். எட்டு மாசத்தில் முதல் தடவை. "இன்னாத்துக்கு இந்த ஜன்னல் பனியில கூட தொறந்தே கீது?" என்றார். அம்மா சாத்த விடுவதில்லை அண்ணா என்றேன். அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றவர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்.

"உன் தம்பி போகச்சொல்ல ஜன்னல் தொறந்துதாம்மா இருந்துச்சு. கல்லறையில குழி பாக்கப் போனான். 'ஜன்னலை யாரும் சாத்தாதீங்க'ன்னு சொல்லிட்டுதான் போனான். நான் வாசல்ல சேர் போட்டு உக்காந்துக்கினு இருந்தேன். காத்து எழும்புச்சு பாரு, மேட்டுத் தூசெல்லாம் உள்ள போவுது. உங்கம்மாதான் எழுந்து வந்து, 'அவரு மூஞ்சி மேல தூசு விழுதுண்ணா'ன்னு சாத்திச்சு. துணி வெச்சு அடைச்சிச்சு. வாசக் கதவையும் ஒருக்களிச்சு வெச்சிச்சு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். நம்மூர்ல காத்துக் காலத்துல ஜன்னல் சாத்தறத யாரு தப்புன்னுவாங்க? தலைமாட்டுல தரையில வெச்ச மெழுகுவத்தி நிக்காம அணைஞ்சிச்சுன்னு உள்ள போயி வந்தவங்க அப்பறம்தான் சொன்னாங்க. சுரங்கத்துல அண்டர்கிரவுண்டுல அது அணைஞ்சா கெட்ட காத்துன்னு எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவோம். உங்கப்பனுக்குத் தெரியும். அவன்தான் பெட்டியில கெடந்தான்."

அப்புறம் ஏன் போலீசில் சொல்லவில்லை என்று கேட்டேன். "என் பொண்டாட்டி பூட்டா. யாரையாவது திட்டணும் எனக்கு. உன் தம்பி, நான்தான் சாத்துனேன்னு தானா வந்து நின்னான். அவனையே திட்டிக்கினேன்" என்றார்.

நீ சாத்தவில்லை. ஏன்டா பாவி, ஏன்டா இப்படிச் செய்தாய்? இதைச் சொன்னால் நீ இந்நேரம் வீட்டில் இருந்திருப்பாய். அம்மா உன்னைப் பார்த்திருப்பாள். முனியப்பன் அண்ணன் வாக்குமூலம் கொடுக்கத் தயார். நான் நாகேஷிடம் போகப்போகிறேன்.

டீனா


பெல்லாரி,
24 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. எதை எழுதினாலும் பொய்யாக வந்தது, கிழித்துப் போட்டேன்.

போகாதே. முனியப்பன் அண்ணனையும் போக விடாதே. நான் திரும்பி வந்தபோது ஜன்னல் சந்தில் கந்தல் துணி அடைத்திருந்தது, அது யார் கை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அம்மா சாத்தினாள் என்று ஒரு காகிதத்தில் ஏறினால் அம்மாவிடம் கேட்க ஆள் வரும். அவளுக்குப் பாதி புத்தியாவது இருக்கிறது என்று உன் கடிதங்களிலிருந்தே தெரிகிறது. அந்தப் பாதிக்கு விஷயம் தெரியும் அக்கா. இல்லாவிட்டால் எதற்கு "தொற தொற" என்று கத்துகிறாள்? என்ன நடந்தது என்று முழுசாகத் தெரியாமல் இருப்பதுதான் அவளை உயிரோடு வைத்திருக்கிறது. சித்தி அவள் கையில் வளர்ந்தவள். தன் தங்கையைத் தானே கொன்றோம் என்று அவள் காதில் விழவா நான் வீட்டுக்கு வர வேண்டும்?

அதோடு, நான் ஒன்றும் செய்யாதவன் இல்லை. சாத்தாதீங்க என்று சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிற பெண்களிடம், இந்தப் பெட்டி உங்களைக் கொல்லும் என்று எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். கம்பெனியில் சுவர் முழுக்க ஃபேன் ஓடும், ஷட்டர் எந்நேரமும் தூக்கியே இருக்கும். ஆபத்தைப் பாடமாகப் படித்தேன், ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் குழி பார்க்கப் போய்விட்டேன்.

அம்மா இருக்கும்வரை யாரும் இதைப் பேசக் கூடாது. உன் தம்பியாகக் கேட்கிறேன்.

ஷெர்வின்


மாரிகுப்பம்,
19 மே 2025

அன்புத் தம்பி,

நான் நலம். நீ நலமா? வெயிலுக்குத் தண்ணீர் நிறையக் குடி.

உன் பேச்சை நான் கேட்கவில்லை. ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தேன். தினமும் சாயங்காலம் ரயில் சத்தத்துக்கு அவள் தலை தூக்குவதைப் பார்த்துவிட்டு எனக்குப் பொறுக்கவில்லை. உன்னைக் காட்டாமல் அவளை அனுப்பிவிடுவேனோ என்ற பயம். முனியப்பன் அண்ணனை அழைத்துக்கொண்டு நாகேஷிடம் போனேன், அண்ணன் சொன்னதை எழுதிக் கொடுத்தார். திட்டுவதானால் திட்டிக்கொள், வீட்டுக்கு வந்து திட்டு.

நல்ல சேதி, ஜாமீன் மனுவை ஜூலையில் எடுத்துக்கொள்கிறார்களாம். இந்தத் தடவை கட்டாயம் கிடைக்கும் என்கிறார் நாகேஷ்.

போன வாரம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அம்மாவிடம் ஒன்றிரண்டு கேள்வி கேட்டார், போய்விட்டார். அவ்வளவுதான்.

அம்மா இருக்கிறாள். சாப்பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது, வெயில் காலம்தானே. இப்போதெல்லாம் கத்துவதில்லை. ரயில் சத்தத்துக்கும் ஒன்றும் கேட்பதில்லை. அமைதியாக இருக்கிறாள்.

அக்கா


பெல்லாரி,
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்.

உன் கடிதத்தை நிறையத் தடவை படித்துவிட்டேன். நீ எழுதாமல் விட்டதையும் படித்தேன். இன்ஸ்பெக்டர் என்ன கேட்டார், அம்மா என்ன சொன்னாள் என்று நான் கேட்கப் போவதில்லை. உன் மேல் கோபமும் இல்லை. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள் என்று இனி எழுதாதே, இருக்கிறாள் என்று மட்டும் எழுது. ஒரு வேளை அப்படி எழுத முடியாத நாள் வந்தால், இதைச் செய். எனக்காக அவளை வைத்திருக்காதே. நாகேஷ் இன்னும் ஒருநாள் பொறுங்கள் என்பார், சொந்தக்காரர்கள் ஒரே மகனாச்சே என்பார்கள், ஃப்ரீஸர் பெட்டி இருக்கிறது என்பார்கள். யார் சொன்னாலும் கேட்காதே. அன்றைக்கே எடுத்துவிடு. உனக்காக அப்பாவை வைத்திருந்தேன், என்ன ஆனது என்று பார்த்தோம். முகம் பார்ப்பது பெரிய காரியம்தான். அதற்காக நாம் ஒரு தடவை கொடுத்தது போதும்.

கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். வருகிறவர்களைத் தரையில் உட்கார வைக்காதே, சேர் போடு. ஐஸ் இல்லாவிட்டாலும் போடு.

ஷெர்வின்


மாரிகுப்பம்,
10 ஜூலை 2025

என் தம்பி ஷெர்வினுக்கு,

அம்மா செவ்வாய்க்கிழமை காலையில் கர்த்தருக்குள் போய்விட்டாள். ஜெயிலுக்கு நாகேஷ் போன் செய்து சொல்லியிருப்பார். என் கையாலும் எழுத வேண்டும்.

இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? இன்ஸ்பெக்டர் கேட்டார், "அம்மா, அன்னைக்கு ஜன்னலை யாரு சாத்தினாங்க?" நான் குறுக்கே போய், அவளுக்கு ஞாபகம் இல்லை சார் என்றேன். அம்மா என் கையை விலக்கினாள். திக்காமல் திணறாமல், பழைய குரலில் சொன்னாள். "நான்தான் சாத்துனேன். அவரு மூஞ்சில தூசு விழுந்துச்சு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "பியாட்ரிஸ் எங்க?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அன்றைக்கு ராத்திரி கஞ்சியைத் தள்ளிவிட்டாள். அதிலிருந்து நாளுக்கு ரெண்டு ஸ்பூனுக்கு மேல் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் டியூப் வைத்தார்கள், பிடுங்கிப் போட்டாள். நர்ஸ் வேலை பார்த்தவள் நான், எத்தனையோ பேரை ஊட்டிவிட்டு எழுப்பியிருக்கிறேன். என் அம்மா வாயைத் திறக்க என்னால் முடியவில்லை. நீ சொன்னதைக் கேட்டிருந்தால் அவள் இன்னும் "தொற தொற" என்று கத்திக்கொண்டு இருந்திருப்பாள். உன்னை வர வைக்கப் போய் அவளை அனுப்பிவிட்டேன்.

நீ எழுதிய மாதிரியே எல்லோரும் சொன்னார்கள். நாகேஷ், வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்துவிடும், ரெண்டு மூணு நாள் தாங்கினால் போதும் என்றார். மாமா வீட்டார் ஃப்ரீஸர் பெட்டிக்குச் சொல்லியே விட்டார்கள், வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஒரே மகன், மண் போட வேண்டாமா என்று பியூலாகூட அழுதாள். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது ஷெர்வின், சரி வையுங்கள் என்று. உன் கடிதம் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பினேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள்.

காற்று பலமாக அடித்தது, அப்பா போன அன்றைக்கு அடித்த மாதிரியே. யாரோ பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தப் போனார்கள். முனியப்பன் அண்ணன் நேராக வீட்டுக்குப் போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்தார். முன்ரூம் ஜன்னல் கதவு ரெண்டையும் கீலோடு கழற்றினார். வாசல் கதவையும் கழற்றி வெளியே சுவரில் சாய்த்து வைத்தார். "இப்ப யாரு சாத்துவாங்க பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். சாயங்காலம் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். பெட்டியின் ஒரு முனையை அவர்தான் தூக்கினார். உன் பங்கு மண்ணை நான் போட்டேன்.

டீனா


பெல்லாரி,
16 ஜூலை 2025

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

ஜாமீன் ஆர்டர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ஜாமீன்தாரர் காகிதம் சரிபார்த்து விடுவதற்கு இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். அதற்குள் இது உனக்குக் கிடைத்துவிடும்.

நீ செய்தது சரி. வைக்கச் சொன்னவர்களிடம், தம்பிதான் வேண்டாம் என்றான் என்று சொல். அம்மாவை நீ அனுப்பவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு நீயும் சாப்பிடாமல் இருக்காதே, வந்து பார்த்தால் உதைப்பேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும், இரவெல்லாம் அதுவே வருகிறது. ஜன்னல் கதவெல்லாம் கழற்றி வைத்திருந்தது என்று எழுதினாய், காற்று பலமாக அடித்தது என்றும் எழுதினாய். அம்மா முகத்தில் தூசு விழுந்ததா?

ஷெர்வின்


மாரிகுப்பம்,
21 ஜூலை 2025

தம்பி,

வரும்போது ரயிலிலேயே வா, பங்காரப்பேட்டையில் மாறி ஏறு. நானும் முனியப்பன் அண்ணனும் ஸ்டேஷனில் இருப்போம். நீ வரும்வரைக்கும் கதவை மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

விழுந்தது. நாள் பூராவும் விழுந்தது. தலைமாட்டில் நின்றுகொண்டு அப்பாவின் ஸ்வெட்டரால் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்கத் துடைக்க விழுந்தது. மூடி போடும்போதும் நெற்றியில் கொஞ்சம் இருந்தது, அதோடுதான் போனாள்.

ஜன்னலைச் சாத்தவில்லை.

அக்கா